சட்டை வேண்டாம் என்றவர்கள்

ஓசூர்
7.8.2005

அன்புள்ள அக்கா,

வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். அதை முதலில் படித்துவிடு. போன் இருக்கிற காலத்தில் கடிதம் போட்டு உன்னைப் பதற வைப்பதற்கு மன்னித்துக்கொள். உங்கள் லைன் வீட்டு மளிகைக் கடைக்குப் போன் செய்தால் கடைக்காரர் "யாரு, ஓசூர்ப் பொண்ணா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துகிறார். அதிலேயே சொல்ல நினைத்தது பாதி மறந்துவிடுகிறது. நீ மூச்சு வாங்க வந்து "ஹலோ" என்றால், "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். எழுதினால்தான் எனக்கு வாய் முளைக்கிறது.

மாமாவுக்கு முதுகு வலி எப்படி இருக்கிறது? இங்கே ஆடி மாதத்திலேயே குளிர். காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்மா கொடுத்த துண்டைக் காதில் சுற்றிக்கொள்கிறேன். பார்ப்பவர்கள் சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும்.

எங்கள் கம்பெனி ஆட்களுக்கு வருஷா வருஷம் நடத்துகிற ஓட்டம் இந்த முறை ஜனவரி 29, ஞாயிற்றுக்கிழமை. நினைவுச் சட்டை, தண்ணீர், பெயர்ப் பதிவு மூன்றையும் என்னிடமே ஒப்படைத்துவிட்டார் சுரேந்தர் சார். ஆட்கள் விவகாரம் பார்க்கிற எங்கள் பர்சனல் ஆபீசர். போன தடவை நான் தயங்கித் தயங்கி உங்கள் கம்பெனி பெயரைச் சொன்னதும் சட்டை ஆர்டரை அங்கே கொடுத்தாரே, அவர்தான். இந்த வருஷமும் உன் முதலாளி தைத்துக் கொடுப்பாரா என்று கேட்டு எழுது.

போன ஓட்டம் முடிந்த பிறகு நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை. பரிசு கொடுத்து, போட்டோ எடுத்து, எல்லோரும் பொங்கலும் வடையும் சாப்பிடப் போய்விட்டார்கள். சிப்காட் ரோட்டில் நானும், பெருக்குகிற சரசம்மாவும் மட்டும் நின்றோம். ரோடு நெடுகத் தண்ணீர்ப் பாக்கெட். ஒரு வாய் உறிஞ்சிவிட்டு எறிந்தவை, கடிக்காமலே எறிந்தவை. கால் பட்டால் பொளக்கென்று வெடித்துப் புடவையை நனைக்கிறது. சரசம்மாவுக்கு வீட்டில் தெலுங்கு, கோபம் வந்தால் தமிழ்.

"ஏம்மா லட்சுமி, ஓடறது நீங்க, குனியறது நானா? அடுத்த வருசம் என்னிய ஓட வுடு. உங்க ஆபீசரு வந்து குனியட்டும்" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் குனிந்தேன். பதினெட்டுச் சாக்கு ஆயிற்று.

அன்றைக்கு உன் ஞாபகம் வந்தது. கிருஷ்ணகிரி மைதானத்தில் நீ ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடி முடித்ததும் நேராகக் குழாயடிக்குப் போய் இரண்டு கையையும் குவித்துக் குடித்தாய். நான் உன் செருப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். எனக்கு ஒன்பது வயது. நீ குடித்துவிட்டு வந்த இடத்தில் கொஞ்சம் ஈரம் இருந்தது. அதுவும் நாம் பஸ் ஏறுவதற்குள் காய்ந்திருக்கும்.

மாமாவைக் கேட்டதாகச் சொல். மதியம் டீயோடு நிறுத்திக்கொள்ளாமல் சோறு சாப்பிடு.

உன்
முனிலட்சுமி


திருப்பூர்
22.8.2005

முனிக் கண்ணுக்கு அக்கா எழுதுவது.

நானும் உன் மாமாவும் சுகம். முதுகு வலிக்கு எண்ணெய் தேய்த்தால் எரிகிறது என்கிறார், தேய்க்காவிட்டால் வலிக்கிறது என்கிறார். கவரைப் பார்த்ததும் நான் பதறியது உண்மைதான். தபால்காரர் முன்னாலேயே பிரித்து முதல் வரியைப் படித்த பிறகுதான் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியதை முதல் வரியில் சொன்னாயே, பட்டப்படிப்பு படித்தவள் என்பது அங்கே தெரிகிறது.

முதலாளியிடம் சொன்னேன். "அந்த ஓசூர்ப் புள்ள ஆர்டரா? அதுக்கென்ன ராஜாத்தி, எடுத்துக்கலாம்" என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார். உடனே உனக்கு எழுத வேண்டும் என்று இருந்தது, நிதானமாக உட்கார்ந்து எழுதலாம் என்று இரண்டு நாள் பொறுத்தேன். இந்த ஆர்டருக்கு என்னையே சூப்பர்வைசராக நிற்கச் சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு வருஷமாகச் செக்கிங் மேசையில் பிசிறு வெட்டி, ஓட்டை பார்த்து, மடித்துக்கொண்டிருக்கிறேன். எழுந்து நின்று வேலை வாங்கினால் கால் வலிக்குமா, வாய் வலிக்குமா தெரியவில்லை. ஒருமுறை சரியாகச் செய்துவிட்டால் அப்படியே அந்த வேலையில் வைத்துக்கொள்வார்களாம். ஆயிரத்துக்கு மேல் இருந்தால்தான் அதற்கென்று தனித் தையல் லைன் ஓட்டுவார்கள், தனி சூப்பர்வைசரும் போடுவார்கள். உங்களுடையது ஆயிரத்து இருநூறு, அதனால் பயமில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இங்கே நாங்கள் தைப்பதெல்லாம் பெட்டியில் ஏறிக் கப்பலில் போய்விடுகிறது. யார் போட்டார்கள், எந்த ஊரில் போட்டார்கள், ஒன்றும் தெரியாது. உங்கள் சட்டை ஒன்றுதான் எனக்குத் தெரிந்த ஊருக்குப் போனது. யாராவது போட்டிருக்கிறார்களா முனி? பஸ் ஸ்டாண்டில், சந்தையில் பார்க்கிறாயா? பார்த்தால் எழுது.

காதில் துண்டு கட்டுவதை விடாதே. சிரிப்பவர்களுக்குக் காது வலி வரும்போது தெரியும்.

அக்கா


ஓசூர்
4.9.2005
(எழுதியும் தபாலில் சேர்க்காதது)

அன்புள்ள அக்கா,

நீ நலமாக, இதைத் தாங்குகிற மனதோடு இருக்க வேண்டும்.

உங்கள் சட்டையைப் பார்த்தேன். போன மாதம் வருகைத் தாளில் கையெழுத்து வாங்க மெஷின் ஷாப்புக்குப் போயிருந்தேன். நாராயணப்பன் அண்ணன் லேத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையில் நீலத் துணி. எண்ணெயில் ஊறியும் எழுத்து தெரிந்தது. 'ஓசூர் ஓட்டம் 2005.'

"இது எங்கேண்ணா கிடைச்சுது?" என்றேன்.

"ஸ்டோர்லதாம்மா. பனியன் வேஸ்ட் தீந்துபோச்சுன்னு இத்த கட்டுக் கட்டா குடுக்கறாங்க. புதுசு பாரு, எண்ணெய நல்லா குடிக்குது."

மெஷின் துடைப்பதற்குத் திருப்பூரிலிருந்து வெட்டுத் துண்டுகள் மூட்டையாக வரும் என்பது உனக்குத் தெரியும். அது தீர்ந்தால் இது. போன ஓட்டத்தில் முந்நூறுக்கு மேல் மிஞ்சிவிட்டது. வருஷம் அச்சடித்திருப்பதால் இந்த முறை கொடுக்க முடியாதாம். நான் அந்தத் துணியை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். கழுத்துப் பட்டியில் செக்கிங் ஸ்டிக்கர் அப்படியே ஒட்டியிருந்தது. 14. உன் நம்பர்.

நீ ஜெயித்து வாங்கி வந்த பனியனும் கடைசியில் கரித்துணிதான் ஆனது. ஆனால் அதை நீ மூன்று வருஷம் போட்டாய், நான் நான்கு வருஷம் போட்டேன். அப்புறம் தலையணை உறைக்குள் கொஞ்ச நாள் இருந்தது. அம்மா உலையை இறக்கும்போது 'தருமபுரி மாவட்ட' என்பது ஒரு கையிலும் 'விளையாட்டு விழா' என்பது இன்னொரு கையிலும் இருக்கும். அது வாழ்ந்து முடித்த துணி அக்கா. இதை யாரும் ஒருமுறைகூடப் போடவில்லை. பிரிக்காத பையிலிருந்து நேராக எண்ணெய்க்கு வந்துவிட்டது.

இதை உனக்கு எப்படி


ஓசூர்
4.9.2005

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தாமதத்துக்கு ஆடிட்டிங் வேலைதான் காரணம். உடம்பு நன்றாக இருக்கிறது. நீ சூப்பர்வைசர் ஆகப்போவதை என் அறைத் தோழி ஸ்வாதியிடம் சொன்னேன். அவள் ஸ்வீட் கேட்கிறாள்.

சட்டையைப் பார்க்கிறாயா என்று கேட்டாய். பார்க்கிறேன் அக்கா. தினமும் பார்க்கிறேன்.

மாமாவின் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பார்.

முனிலட்சுமி


திருப்பூர்
14.10.2005

முனிக்கு அக்கா ஆசீர்வாதம்.

இரண்டு பேரும் சுகம். ஆயுத பூஜைக்கு மெஷின் எல்லாம் கழுவி, பொட்டு வைத்து, பொரிகடலை தின்றே வயிறு உப்பிவிட்டது.

உன் கடிதத்தை மத்தியானச் சாப்பாட்டில் மேசைக்கே படித்துக் காட்டினேன். 'தினமும் பார்க்கிறேன்' என்ற வரியை வீரலட்சுமி இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். என் எதிரில் உட்கார்ந்து பிசிறு வெட்டுகிறவள். "அப்ப அந்த ஊரே நம்ம துணியத்தான் போட்டுட்டுத் திரியுதாக்கும்!" என்றாள். அன்றைக்கு முழுக்க என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "சூப்பர்வைசரம்மா, கத்திரி மொக்கையா இருக்குது." "சூப்பர்வைசரம்மா, டீ இன்னும் வரலை." கூச்சமாக இருந்தாலும் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

தீபாவளிக்கு ஊருக்கு வருகிறேன், இரண்டு நாள். நீயும் வா. ஆர்டர் விவரம் நவம்பருக்குள் வந்தால் போதும் என்றார் முதலாளி.

அக்கா


ஓசூர்
20.11.2005

அன்புள்ள அக்கா,

ஊரிலிருந்து நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். தீபாவளிக்கு இரண்டு ராத்திரி ஒரே பாயில் படுத்திருந்தோம். நீ லைனை எப்படிப் பிரிப்பாய், யாரை எங்கே உட்கார வைப்பாய் என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். அப்போது சொல்லாததை இப்போது எழுதுகிறேன். கோழைத்தனம்தான்.

நம் ஆர்டர் முந்நூற்றுப் பதினெட்டு.

செப்டம்பரில் சுரேந்தர் சாருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். கேட்காமலே எல்லோருக்கும் கொடுப்பதால்தான் மிஞ்சுகிறது, விருப்பம் கேட்டுவிட்டு ஆர்டர் கொடுக்கலாம் என்று. அவருக்குப் பிடித்துவிட்டது. ஒவ்வொரு ஷாப்புக்கும் பெயர்ப் பட்டியல் அடித்து, கடைசிக் கட்டத்தின் மேல் 'நினைவுச் சட்டை வேண்டாம்' என்று போட்டேன். வேண்டாம் என்பவர்கள் டிக் போட வேண்டும். அவர்கள் கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள், எண்ணுவது சுலபம் என்று நினைத்தேன். ஆயிரத்து நூறு பேரில் எழுநூற்று எண்பத்திரண்டு பேர் டிக் போட்டுவிட்டார்கள். நான்கு தடவை எண்ணினேன். சுரேந்தர் சார் மீட்டிங்கில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கை தட்ட வைத்தார். எனக்கு உன் முகம்தான் தெரிந்தது.

இன்னொன்று. சட்டையைத் தினமும் பார்க்கிறேன் என்று எழுதினேன். அது பொய்யில்லை. ஆனால் பார்ப்பது ஆட்கள் மேல் இல்லை. மிஞ்சினதை மெஷின் துடைக்கக் கொடுக்கிறார்கள். உன் ஸ்டிக்கரோடு ஒன்றைப் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகுதான் அந்தப் பட்டியல் யோசனையே வந்தது.

என்னைத் திட்டி எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

முனி


திருப்பூர்
11.12.2005
(கார்டு)

முனிலட்சுமிக்கு,

நலம். கடிதம் வந்தது. 318 என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். வேறொரு ஆர்டரோடு சேர்த்துத் தைத்துக்கொள்வார்களாம். தனி லைன் கிடையாது. ஜனவரி 20க்குள் வந்துவிடும். பனி அதிகம் என்று டிவியில் சொன்னார்கள்.

ராஜாத்தி


ஓசூர்
16.12.2005

அன்புள்ள அக்கா,

கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். 'அக்கா' என்று போடுகிற இடத்தில் 'ராஜாத்தி' என்று போட்டிருக்கிறாய். உன் பெயரை உன் கையெழுத்தில் நான் பார்த்ததே இல்லை.

சாப்பிடுகிறாயா?

முனி


திருப்பூர்
27.12.2005

முனிக்கு அக்கா எழுதுவது.

சாப்பிடுகிறேன். மாமாவும் சாப்பிடுகிறார். முதுகு வலி போய் இப்போது முட்டி வலி.

ஆர்டர் போனதற்கு ஒரு நாள் அழுதேன். அதோடு சரி. செக்கிங் மேசை எங்கேயும் போய்விடவில்லை, என் நாற்காலியும் அங்கேயே இருக்கிறது. ஆனால் அந்த 'தினமும் பார்க்கிறேன்' இருக்கிறதே, அது இன்னும் ஆறவில்லை. அதை நான் ஊருக்கே படித்துக் காட்டினேன் முனி. வீரலட்சுமி இப்போதும் கேட்கிறாள், உன் தங்கச்சி இன்னிக்கு எத்தனை சட்டை பார்த்தாள் என்று. நான் என்ன சொல்ல? சட்டை துடைக்கிற துணி ஆவது எனக்குத் தெரியாதா? என் மேசைக்கு அடியில் வைத்துத்தான் அந்த வேஸ்ட் மூட்டையைக் கட்டுகிறார்கள். அதைச் சொல்லியிருந்தால் ஒரு வாய் சோறு இறங்கியிருக்காது, மறுநாள் சரியாகப் போயிருக்கும். என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி நீ தள்ளி வைத்ததுதான் வலிக்கிறது.

திட்டச் சொன்னாய், திட்டிவிட்டேன். இனி நான் சொல்வதைக் கேள்.

எழுநூற்று எண்பத்திரண்டு பேர் வேண்டாம் என்றார்களா? நான் நம்பவில்லை. பொழுது விடியும் முன்னால் எழுந்து ஓடப் போகிறவன் அதற்குக் கொடுக்கிற சட்டையை எதற்கு வேண்டாம் என்கிறான்? பத்துப் பேர், நூறு பேர் சொல்வார்கள். இத்தனை பேரா? எங்கள் கம்பெனியில் வாராவாரம் ஓவர்டைம் பேப்பர் வரும். யாரும் தலைப்பைப் படிப்பதில்லை. நம் பெயர் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம், டிக் போடுவோம், மெஷினுக்கு ஓடுவோம். டிக் விட்டுப்போனால் வண்டி வராது, டிபன் வராது. எங்களுக்கு டிக் என்றால் 'எனக்கும் உண்டு' என்று அர்த்தம். உன்னை மாதிரி காலேஜ் பரீட்சையில் தலைப்பைப் படித்துப் படித்து எழுதினவர்கள் இல்லை நாங்கள்.

பேப்பரில் கேட்டாய் சரி, வாயால் கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். ஒன்றாம் வகுப்பில் வெளியே விடச் சொல்லி டீச்சரிடம் கேட்க, பெரிய கிளாஸிலிருந்து நான் வர வேண்டும் உனக்கு. இப்போது நான் அங்கே இல்லை. போய்க் கேள்.

இன்னொன்று. வருஷத்தை எதற்கு அச்சடிக்கிறீர்கள்? அதைப் போட்ட அன்றைக்கே சட்டைக்கு வயதாகிவிடுகிறது. 'ஓசூர் ஓட்டம்' என்று மட்டும் போட்டால், மிஞ்சினது அடுத்த வருஷம் புதுசுதானே? இது செக்கிங் மேசையில் உட்கார்ந்தே தோன்றுகிறது. உங்கள் ஆபீசில் யாருக்கும் தோன்றவில்லையா?

காதைக் கட்டு.

அக்கா


ஓசூர்
5.1.2006

அன்புள்ள அக்கா,

கடைசியில் நீ போட்டிருந்த 'அக்கா'வைப் பார்த்துவிட்டுத்தான் மேலேயிருந்து படித்தேன். இங்கே நலம். மாமாவின் முட்டிக்கு ஸ்வாதி ஏதோ தைலம் சொல்கிறாள், அடுத்த பஸ்ஸில் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன்.

கேட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை மதியம் ஷிப்ட் மாறுகிற நேரம் கம்பெனி கேட்டுக்குப் போய், பஞ்சிங் மெஷின் பக்கத்தில் பட்டியலோடு நின்றேன். ஒரு ஷிப்ட் உள்ளே வருகிறது, ஒரு ஷிப்ட் வெளியே போகிறது. நான் வாயைத் திறக்கிறேன், சத்தம் வரவில்லை. நூறு பேர் என்னைத் தாண்டிப் போயிருப்பார்கள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, "அண்ணா, ஓட்டத்துக்குச் சட்டை வேணுமா வேணாமா?" என்று கத்திவிட்டேன். சைரன் நின்ற நேரமாகப் பார்த்துக் கத்தியதால் வாட்ச்மேன் உள்பட எல்லோரும் திரும்பினார்கள்.

முதலில் வந்தது ஜெகதீஷ். பிரஸ் ஷாப், மதுரைப் பக்கம்.

"என்ன மேடம் இப்பக் கேக்குறீங்க? அதான் அப்பவே டிக் போட்டேன்ல?"

"டிக் போட்டா வேண்டாம்னு அர்த்தம்ணா. மேல எழுதியிருந்தேனே."

"அடி ஆத்தி! முட்டைக்கு டிக் போட்டா முட்டை வருது. பஸ்ஸுக்கு டிக் போட்டா பஸ் வருது. சட்டைக்கு டிக் போட்டா மட்டும் சட்டை போயிருமா? நல்லாருக்கு மேடம் ஒங்க நியாயம்!"

ஒரே சிரிப்பு. நான் பட்டியலைப் பிரித்துப் பார்த்தேன். தலைப்பு முதல் பக்கத்தில் மட்டும்தான் அடித்திருக்கிறேன். இரண்டாம் பக்கத்திலிருந்து வெறும் பெயரும் கட்டமும். அதை இரண்டு மாதமாக நான் பார்க்கவில்லை. நான்கு தடவை எண்ணினேன் என்று வேறு உனக்கு எழுதினேன்.

மூன்று நாள், மூன்று ஷிப்ட்டும் நின்றேன். நிஜமாக வேண்டாம் என்றவர்களும் இருக்கிறார்கள். நூற்றுத் தொண்ணூறு பேர். மெஷின் ஷாப் நாராயணப்பன் அண்ணன் அதில் ஒருவர். "எனக்கு வாணாம்மா, ஊட்ல அஞ்சு கீது. எங்க பசங்க அத்தப் போட்டுனுதான் ஏரிக்கரையில கிரிக்கெட் ஆடறானுங்க. ஒரு டீமே நம்ம கம்பெனி டீமுதான்" என்றார்.

நான் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டேன். போட்டிருக்கிறார்கள் அக்கா. ஜெகதீஷின் அப்பா ஊரில் அதைப் போட்டுக்கொண்டுதான் மாடு மேய்க்கிறாராம். இன்னொருவர் மனைவி நைட்டிக்கு மேல் போட்டுக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போகிறாராம். உங்கள் சட்டை பஸ் ஸ்டாண்டில் என் கண்ணில் படாததற்குக் காரணம், அது வீட்டுக்குள் இருந்தது. மிஞ்சினது மட்டும்தான் என் கண்ணில் பட்டது.

சுரேந்தர் சாரிடம் தவறு என்னுடையது என்று சொன்னேன். வாயால்தான் சொன்னேன், எழுதிக் கொடுக்கவில்லை. "கை வேற தட்டிட்டோமேம்மா" என்றார். அப்புறம் வருஷம் வேண்டாம் என்ற உன் யோசனையைச் சொன்னேன்.

"வருஷம் போடாம எப்படிம்மா அது நினைவுச் சட்டை?"

ஸ்டோர் சாவி வாங்க வந்திருந்த நாராயணப்பன் அண்ணன் கதவருகிலிருந்தே சொன்னார். "ஓடுனவனுக்கு வருசம் தெரியும் சார். ஓடாதவனுக்கு எதுக்கு வருசம்?"

சார் சிரித்துவிட்டார். உடனே உன் முதலாளிக்குப் போன் போட்டார். தொள்ளாயிரத்துப் பத்து. அதோடு பட்டியலில் எப்போதும் பெயர் இல்லாத காண்டிராக்ட் ஆட்கள், கேன்டீன், செக்யூரிட்டி, பெருக்குகிறவர்கள், வேண்டும் என்றவர்கள் நூற்று இருபது பேர். அவர்களையும் நான் போய்க் கேட்டேன். சரசம்மாவை யாரும் இதுவரை கேட்டதே இல்லையாம். ஸ்டோரில் மிச்சமிருக்கிற பழைய சட்டையைப் பற்றியும் சொன்னேன். "அதுங்களையும் குடு, எங்க தெருவுல போட்டுக்குவாங்க. வருசத்தப் பாத்துக்கினா குளிரு அடிக்குது?" என்றாள். சார் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

நடுவில் பொங்கல் வருகிறது. உன் முதலாளி போனில் "பாக்கறேன்" என்றுதான் சொன்னாராம். முடியுமா அக்கா? முடியாவிட்டால் கேட்டில் நின்று அதையும் நானே சொல்ல வேண்டும்.

முனி


திருப்பூர்
13.1.2006

முனிக் கண்ணுக்கு,

எழுத நேரமில்லை, நின்றுகொண்டே எழுதுகிறேன். எல்லோரும் சுகம். நாள் குறைவாக இருப்பதால் தனி லைன் போட்டால்தான் முடியும் என்று முதலாளிக்கே தெரிந்துவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து நான் நிற்கிறேன். கால்தான் வலிக்கிறது, வாய் இல்லை. வீரலட்சுமியிடம் டிக் கதையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கத்திரியைக் கீழே போட்டுவிட்டாள். அந்தப் பொய்யையும் சொல்லிவிட்டேன், மாடு மேய்க்கிறவர் கதையையும் சொன்னேன். "அப்ப உன் தங்கச்சி பாதிதான் பொய் சொல்லியிருக்கா" என்றாள்.

நாளைக்குப் பொங்கல். ஊருக்குப் போகவில்லை. அம்மாவிடம் நீ சொல்லிக்கொள். 23ஆம் தேதி லாரி ஆபீசில் போடுவோம். வருஷம் அச்சடிக்கவில்லை.

அக்கா


ஓசூர்
19.1.2006

அன்புள்ள அக்கா,

நீ நிற்கிற காலுக்கு வெந்நீரில் உப்புப் போட்டு வைத்துக்கொள். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "அவ நிக்கறான்னா நிக்கட்டும், உக்காந்தது போதும்" என்றாள். அப்பா பொங்கலை உன் பங்குக்கும் சேர்த்துச் சாப்பிட்டார்.

இங்கே வேலை ஓடுகிறது. தண்ணீர்ப் பாக்கெட் இந்த முறை கிடையாது. கேன்டீனிலிருந்து டிரம்மும் எவர்சில்வர் டம்ளரும். ஒவ்வொரு கிலோமீட்டரிலும் ஒரு மேசை. டம்ளரை எறிந்துவிட்டு ஓடுவார்கள் என்று சுரேந்தர் சாருக்குப் பயம். "எறியட்டும் சார், சத்தம் கேக்கும்ல, யாருன்னு பாத்துக்கறேன்" என்று சரசம்மா சொல்லியிருக்கிறாள். முதல் மேசை அவளுடையது. சட்டையும் போட்டுக்கொள்வாளாம், புடவைக்கு மேலேயே.

நான் கேட்டில் நின்ற மூன்று நாளில் ஒன்று புரிந்தது. கேட்டால் சொல்லிவிடுகிறார்கள். கேட்கிறவரைக்கும்தான் கஷ்டம். அதனால் உன்னிடமும் ஒன்று கேட்டுவிடுகிறேன்.

சட்டையை யாராவது போட்டிருக்கிறார்களா என்று நீ கேட்டபோது நான் பாதிப் பொய் சொன்னேன். இனிமேல் நான் பார்த்து எழுதினால் உனக்கு முழுதாக நம்பிக்கை வராது. வர வேண்டாம். நீயே வந்து பார். சனிக்கிழமை காலை சேலம் வழியாகப் பஸ் ஏறினால் சாயந்திரம் ஓசூரில் இருப்பாய். நானும் ஸ்வாதியும் பஸ் ஸ்டாண்டில் நிற்போம். மாமாவும் வரட்டும், முட்டி வலிக்கு உட்கார்ந்து பார்க்க நாற்காலி போட்டுத் தருகிறேன். ஆயிரம் பேர் அதைப் போட்டுக்கொண்டு உன் முன்னால் ஓடி வருவார்கள்.

குடும்பத்தாருக்கு மூன்று கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று இருக்கிறது. ஓடலாம், நடக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதில் உன் பெயரை எழுதிவிட்டேன். வயது இருபத்தொன்பது, ஊர் திருப்பூர், உறவு அக்கா. எல்லாக் கட்டமும் நிரப்பிவிட்டேன், ஒன்றைத் தவிர. நீ தீபாவளிதோறும் எனக்குத் துணி எடுத்து அனுப்பினாய். ஒரு வருஷம்கூட அளவு கேட்டதில்லை, ஒரு வருஷம்கூட அது தப்பவில்லை. நான் வளர்ந்த வருஷமும், காய்ச்சலில் இளைத்த வருஷமும். நான் இந்தக் கட்டத்துக்கு வந்து பேனாவை வைத்துவிட்டேன். எனக்குத் தெரியவில்லை.

உன் சட்டை அளவு என்ன அக்கா?

முனி